பேச்சுவார்த்தை மேசையில் யாருக்கு நாற்காலி?

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் இளைஞர்கள் கூடிய ஒரு வாசிப்பு முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

 

‘போர்க்காலத்தில் அரசியல் தலைமையும் சமாதானப் பேச்சுவார்த்தையும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஈழத்தை வைத்துத்தான் பேசப்போகிறேன். உங்களில் பலர் 2009இல் பள்ளிக்கூடம்கூடப் போயிருக்க மாட்டீர்கள். மே மாதம் வந்தால் கைப்பேசியில் வரும் படங்களாகத்தான் உங்களுக்கு முள்ளிவாய்க்கால் தெரியும். அந்தப் படங்களுக்குக் கீழே எப்போதும் ஒரே வரிசை இருக்கும்: இந்தியா துரோகம் செய்தது, நார்வே ஏமாற்றியது, கருணா காட்டிக்கொடுத்தான். இதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாதி ஒழிப்பு அரசியலுக்கு வந்தவர்கள் எந்தப் பேச்சுவார்த்தையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி. மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருந்தார்கள்? யாருக்காக யார் பேசினார்கள்? அந்த ‘யாருக்காக’ என்ற மக்களைக் கேட்டுவிட்டுத்தான் பேசினார்களா?

இந்தக் கேள்வியை இந்த மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எது காப்புக்காடு, எங்கே சாமை விதைக்கலாம், எங்கே ஆடு மேயலாம் என்பதெல்லாம் கீழே எங்கோ முடிவாகி மேலே வந்தவைதான். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. இந்த மலையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அதன் பிறகு இரண்டு அரசுகளுக்கும் இடையே கடிதம் போயிற்று, வழக்குகள் நடந்தன. மரம் வெட்டப் போனவன் ஏன் போனான் என்று அந்தக் குடும்பங்களை உட்காரவைத்துக் கேட்ட ஒரு பேச்சுவார்த்தை நடக்கவில்லை. அதனால் நான் சொல்லப்போவது கடலுக்கு அந்தப் பக்கத்துக் கதை என்று நினைத்துக் கேட்காதீர்கள்.

அம்பேத்கரிடமிருந்து தொடங்குகிறேன். 1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. ஒடுக்கப்பட்டோர் சார்பில் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் அம்பேத்கர், இன்னொருவர் நம் ஊர்க்காரர் இரட்டைமலை சீனிவாசன். அடுத்த ஆண்டு இரண்டாவது மாநாட்டுக்குக் காந்தி வந்தார். தீண்டப்படாதவர்களுக்கும் சேர்த்துத் தானே பிரதிநிதி என்றார். அம்பேத்கர் மறுத்தார். சண்டை தொகுதிக் கணக்கில் தொடங்கவில்லை, ‘உனக்காக நான் பேசுகிறேன்’ என்று ஒருவர் சொன்ன இடத்தில் தொடங்கியது. 1932 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு தனித் தொகுதியாக 71 இடங்களைக் கொடுத்தது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24ஆம் தேதி புனா ஒப்பந்தம் கையெழுத்தாகி 148 ரிசர்வ் இடங்கள் வந்தன. எண்ணிக்கை இரண்டு மடங்காயிற்று, தேர்ந்தெடுக்கும் கை மாறிப்போயிற்று. அந்த ஒப்பந்தத்தில் அம்பேத்கருக்கு ஒரு நாற்காலியாவது இருந்தது. இனி நான் சொல்லப்போகும் ஒப்பந்தத்தில் அதுவும் கிடையாது.

இலங்கை 1948 பிப்ரவரியில் சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த சுமார் 7 லட்சம் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்து வாக்குரிமையும் போயிற்று. யார் இந்த மக்கள்? திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் என்று நம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போனவர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர். பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் பயந்து கடல் தாண்டியவர்கள்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி டெல்லியில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பிறகு 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூட்டைகளைப் பங்கு வைப்பது மாதிரி! மூன்று தலைமுறை அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவனிடம் ‘உனக்கு எந்த நாடு வேண்டும்’ என்று கேட்டுவிட்டு இந்த எண்களை எழுதவில்லை. எண்களை எழுதிவிட்டுத்தான் விண்ணப்பப் படிவத்தை நீட்டினார்கள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலையே பறித்தார்கள். ஊரில் அவர்களுக்கு ‘சிலோன்காரன்’ என்று பெயர். அங்கே ‘இந்தியத் தமிழன்’, இங்கே ‘சிலோன்காரன்’.

இதைப் போர் என்று யாரும் சொல்வதில்லை. துப்பாக்கி வெடிக்கவில்லை அல்லவா? ஆனால் பின்னால் நடந்த போரின் அடிப்படைப் பாடம் இங்கேதான் எழுதப்பட்டது. இரண்டு தலைவர்கள் உட்கார்ந்தால் லட்சக்கணக்கான பேரின் தலைவிதியை எழுதலாம், அவர்களைக் கூப்பிட வேண்டியதில்லை என்பதை எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைமை இந்தக் கட்டத்தில் எங்கே இருந்தது? ஜி.ஜி. பொன்னம்பலம் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அதை எதிர்த்து வெளியேறிய செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். செல்வநாயகத்துக்கு இந்தப் பெருமை சேரத்தான் வேண்டும். இன்னும் பின்னால் போனால் பொன்னம்பலம் இராமநாதன் வருகிறார். டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்குரிமை என்று பரிந்துரைத்தபோது, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் பெண்களுக்கும் ஓட்டா என்று எதிர்த்தவர் அவர். 1931இல் வாக்குரிமை வந்தது, அவரை மீறி வந்தது. யாழ்ப்பாணத்துத் தலித் மக்கள் தங்களைச் ‘சிறுபான்மைத் தமிழர்’ என்று அழைத்து மகாசபை அமைத்துப் பள்ளிக்கூடத்துக்கும் தேநீர்க் கடைக்கும் கோயிலுக்கும் போராடினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் நுழைவுப் போராட்டம். வாசலில் நின்று தடுத்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று முதன்முதலில் சொன்னவர்களில் அவரும் ஒருவர். தனிநாடு கேட்ட அதே வாய்தான் கோயிலுக்குள் வராதே என்றும் சொன்னது. தமிழ்நாட்டு மேடைகளில் ஈழ வரலாறு பேசும்போது இந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

சிங்களத் தலைமைக்கு வருகிறேன். சமாதானம் பேசும் தலைவருக்கு இரண்டு வேலை. எதிரியோடு பேச வேண்டும், பேசி முடித்ததைத் தன் மக்களிடம் கொண்டுபோய் ‘இதுதான் நியாயம், ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல வேண்டும். இரண்டாவது வேலைதான் கடினம். இலங்கையில் அந்த இரண்டாவது வேலையை ஒருவரும் முழுதாகச் செய்ததில்லை.

1957 ஜூலை 26, பண்டா – செல்வா ஒப்பந்தம். பிராந்திய சபைகள், தமிழுக்கு நிர்வாக மொழி என்ற இடம். இன்றைக்கு வாசித்தால் எவ்வளவு குறைந்தபட்சக் கோரிக்கை என்று தோன்றும். அதை எதிர்த்து அக்டோபரில் கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார் ஜே.ஆர். ஜெயவர்த்தனா. 1958 ஏப்ரலில் பிக்குகள் பண்டாரநாயக்காவின் வீட்டு முன் உட்கார்ந்தார்கள், அவர் ஒப்பந்தத்தைக் கிழித்தார். அடுத்த மாதமே தமிழர்கள் மீது கலவரம். அதற்கு அடுத்த ஆண்டு அவரையே ஒரு பிக்கு சுட்டுக் கொன்றார். 1965இல் டட்லி – செல்வா ஒப்பந்தம். இப்போது ஆளும் கட்சி ஜே.ஆரின் கட்சி, எதிர்ப்பது பண்டாரநாயக்காவின் கட்சி. இடதுசாரிகளும் சேர்ந்து கொழும்புத் தெருவில் டட்லியைக் கேலி செய்து கோஷம் போட்டார்கள். ஒரு மொழி என்றால் இரண்டு நாடாகும் என்று 1956இல் நாடாளுமன்றத்தில் எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வாதான், பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த 1972 அரசியலமைப்பை எழுதினார். நாமும் இடதுசாரிகள்தான், ஆகவே இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடக் கூடாது.

2000 ஆகஸ்டில் சந்திரிகா புதிய அரசியலமைப்பு வரைவைக் கொண்டுவந்தபோது ரணிலின் கட்சி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திலேயே அதன் பிரதியைக் கொளுத்தினார்கள். 2003இல் ரணில் புலிகளோடு பேசிக்கொண்டிருந்தபோது சந்திரிகா அவர் காலை வாரினார். யார் ஆட்சியில் இருந்தாலும் எதிர்க்கட்சிக்கு ‘நாட்டை விற்கிறான்’ என்ற ஒரு வரி போதும். அது ஓட்டு வாங்கித் தரும். அரை நூற்றாண்டாக அந்த நாட்டில் சமாதானத்தைக் கொன்றதில் துப்பாக்கிக்கு இருக்கும் பங்கைவிடத் தேர்தலுக்கு இருக்கும் பங்கு குறைவில்லை என்பது என் கணிப்பு.

திம்புவைச் சொல்கிறேன். 1983 ஜூலைப் படுகொலைக்குப் பிறகு இந்தியா இரு தரப்பையும் 1985 ஜூலையில் பூடானுக்கு அழைத்துப் போனது. தமிழர் தரப்பில் கூட்டணி, புலிகள், டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எப்., ஈரோஸ், புளொட் என்று ஆறு அமைப்புகள். அரசுத் தரப்புக்குத் தலைமை ஜே.ஆரின் தம்பி, வழக்கறிஞர் எச்.டபிள்யூ. ஜெயவர்த்தனா. ஜூலை 13ஆம் தேதி ஆறு அமைப்புகளும் சேர்ந்து நான்கு கோட்பாடுகளை வைத்தன. தமிழர் ஒரு தேசிய இனம், அவர்களுக்குத் தாயகம் உண்டு, சுயநிர்ணய உரிமை உண்டு. இந்த மூன்றும் எல்லோருக்கும் மனப்பாடம். நான்காவது என்ன என்று கேட்டால் தமிழ்நாட்டில் நிறையப் பேருக்குத் தெரியாது. இலங்கையைத் தம் நாடாகக் கருதும் எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை, அடிப்படை உரிமை. அதாவது மலையக மக்கள். 1964இல் நாற்காலி மறுக்கப்பட்டவர்களின் பெயர் மேசைக்கு வந்தது அப்போதுதான். ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்ததால் வந்தது என்று நினைக்கிறேன். அவர்களில் தோட்டத் தொழிலாளர் பிரச்சினையைத் தங்கள் அரசியலின் பகுதியாகக் கொண்டிருந்தவர்கள், குறிப்பாக ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எப். இருந்தார்கள். அரசு நான்கையும் நிராகரித்தது. ஆகஸ்டில் வவுனியாவில் பொதுமக்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது தமிழர் தரப்பு எழுந்து வந்துவிட்டது.

ஆனால் ஒரு விஷயம். அந்த நான்காவது கோரிக்கைதான் முதலில் நடந்தது. திம்புவால் அல்ல. 1986 ஜனவரியில் மலையகத் தொழிலாளர்கள் ‘பிரார்த்தனைப் போராட்டம்’ என்ற பெயரில் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தார்கள். தேயிலை பறிக்காவிட்டால் கொழும்புக்கு அந்நியச் செலாவணி இல்லை. அரசு இறங்கி வந்தது, அந்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1988இலும் 2003இலும் மிச்சம் இருந்ததும் முடிந்தது. தொண்டமானின் அமைச்சர் அரசியல் பற்றி எனக்கு நிறைய விமர்சனம் உண்டு. ஆனால் கூடை இறக்கிவைத்த பெண்கள் சாதித்தது எந்த மேசையிலும் சாதிக்கப்படவில்லை.

திம்புவில் உட்கார்ந்த ஆறு பேரும் அடுத்த ஆண்டு அப்படியே இல்லை. 1986இல் புலிகள் டெலோவை அழித்தார்கள், பிறகு மற்ற இயக்கங்களையும் வடக்கில் செயல்படவிடவில்லை. ‘ஏகப் பிரதிநிதி’ என்ற சொல் அப்படித்தான் பிறந்தது, தேர்தலில் பிறக்கவில்லை. 1987 ஜூலை 29ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டபோது தமிழர் ஒருவர்கூடக் கையெழுத்திடவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தலைவர் டெல்லி அசோகா ஹோட்டலில் கிட்டத்தட்டக் காவலில் இருந்தார். ஆகஸ்ட் 4ஆம் தேதி சுதுமலையில் பிரபாகரன் மக்கள் முன் பேசினார். செப்டம்பரில் திலீபன் தண்ணீர்கூடக் குடிக்காமல் 12 நாளில் இறந்தார். அக்டோபரில் ‘அமைதி காக்க’ப் போன இந்திய ராணுவம் தமிழர்களோடு போர் தொடங்கி, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளையும் மருத்துவர்களையும் சுட்டது. இந்தியா தனக்கு வேண்டியதை அந்த ஒப்பந்தத்தோடு இணைத்த கடிதங்களில் வாங்கிக்கொண்டது: திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், வெளிநாட்டு வானொலி. தமிழருக்கு 13ஆவது திருத்தமும் மாகாண சபையும். பிரேமதாசாவோடு நடந்த பேச்சு, 1995இல் சந்திரிகாவோடு நடந்த பேச்சு இரண்டையும் நேரம் கருதி விட்டுவிடுகிறேன். இரண்டும் முறிந்தன, இரண்டின் முடிவிலும் புலிகளே முதலில் போருக்குத் திரும்பினார்கள்.

2002தான் முக்கியம். பிப்ரவரி 22ஆம் தேதி ரணிலும் பிரபாகரனும் போர்நிறுத்த உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். நார்வே நடுவில் இருந்தது. ஏ9 சாலை திறந்தது. பத்துப் பதினைந்து ஆண்டாகப் பார்க்காத உறவினர்களை மக்கள் பார்த்தார்கள். துப்பாக்கிச் சத்தம் இல்லாத அந்த நாட்களை மக்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதை இங்கிருந்து முழக்கமிடுகிறவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. செப்டம்பரில் தாய்லாந்தில் தொடங்கி மறு ஆண்டு மார்ச்சில் ஜப்பான் ஹகோனே வரை ஆறு சுற்றுப் பேச்சு. டிசம்பர் 5ஆம் தேதி ஆஸ்லோவில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் உள்ளக சுயநிர்ணய அடிப்படையில் கூட்டாட்சித் தீர்வை ஆராய்வது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. 1957இல் கிழிக்கப்பட்டதைவிட எவ்வளவோ மேலான இடம் அது.

மேசையைப் பாருங்கள். புலிகள் தரப்பில் அன்டன் பாலசிங்கம், தமிழ்ச்செல்வன், கருணா. அரசுத் தரப்பில் ஜி.எல். பீரிஸ், மிலிந்த மொரகொட, ரவூப் ஹக்கீம். நாட்டின் ஜனாதிபதி சந்திரிகா வெளியே. அவருடைய ராணுவத்துக்கான உடன்பாட்டில் அவர் கையெழுத்து இல்லை. முஸ்லிம்கள் தனித் தரப்பாக இல்லை. ஹக்கீம் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர், ஆனால் அரசாங்க அமைச்சராகத்தான் உட்கார்ந்தார். 1990 அக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து சுமார் 70,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணி நேர அவகாசம். வீடு, கடை, நகை எல்லாம் விட்டுப் போனவர்கள் 12 ஆண்டாகப் புத்தளம் முகாம்களில் இருந்தார்கள். ‘தமிழ் பேசும் மக்கள்’ என்று அவர்களையும் சேர்த்துச் சொல்லும் தீர்வில் அவர்கள் குரலுக்குத் தனி நாற்காலி கேட்டார்கள். கடைசி வரை கிடைக்கவில்லை. 2002 ஜூனில் மூதூரிலும் வாழைச்சேனையிலும் தமிழர் – முஸ்லிம் மோதல் வெடித்தது. அங்கே போர்நிறுத்தம் யாருக்கும் யாருக்கும் இடையில் என்று அந்த ஊர்க்காரன் கேட்டால் என்ன பதில்?

பெண்களுக்கு ஒரு துணைக்குழு அமைத்தார்கள். இரு தரப்பிலும் ஐந்து ஐந்து பெண்கள். புலிகள் தரப்புக்குத் தமிழினி. அரசு நியமித்தவர்களில் வரலாற்றாசிரியர் குமாரி ஜெயவர்த்தனா இருந்தார். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் சந்தித்தார்கள். ஏப்ரல் 21ஆம் தேதி புலிகள் பேச்சை நிறுத்திவைத்தபோது அதுவும் நின்றது. முக்கிய மேசையில் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத ஒரு பக்க மேசை. நம் கட்சிகளில் மகளிர் அணி, எஸ்.சி. அணி, எஸ்.டி. அணி என்று இருப்பது உங்களுக்கு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

சாதிக்குத் துணைக்குழுகூட இல்லை. 2003 பிப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1981இல் சிங்களப் போலீசார் எரித்த யாழ் நூலகத்தைப் புதுப்பித்துத் திறக்க நாள் குறித்தார்கள். மேயர் செல்லன் கந்தையன், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர், கூட்டணிக்காரர். திறப்பு விழாவைப் புலிகள் தடுத்தார்கள். மாநகர சபையே ராஜினாமா செய்தது. கட்டட வேலை முடியவில்லை, அரசு இதை வைத்து உலகத்துக்குப் படம் காட்டுகிறது என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். கல்வெட்டில் ஒரு தலித்தின் பெயர் வரக் கூடாது என்பதுதான் காரணம் என்று ஈழத்துத் தலித் செயற்பாட்டாளர்கள் சொன்னார்கள். இதில் வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. புலிகள் சாதி பார்ப்பதைத் தடை செய்தார்கள், அந்த இயக்கத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒன்றாகச் செத்தார்கள். இது உண்மை, சின்ன விஷயமும் இல்லை. ஆனால் சாதி என்று பேசவே கூடாது என்பதும் சேர்ந்தே வந்தது. பேசத் தடை செய்யப்பட்ட பிரச்சினை பேச்சுவார்த்தை மேசைக்கு எப்படி வரும்?

பேச்சு முறிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003 ஏப்ரலில் வாஷிங்டனில் நிதி வழங்கும் நாடுகளின் கூட்டம் நடந்தது. தடைசெய்யப்பட்ட இயக்கம் என்று புலிகளை அழைக்கவில்லை. சமமாக நடத்தவில்லை என்ற அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. அக்டோபர் இறுதியில் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான வரைவைக் கொடுத்தார்கள். அதில் முஸ்லிம்களுக்கும் இடம் உண்டு, பெரும்பான்மை மட்டும் நியமனத்தாலேயே புலிகளுக்கு. சில நாட்களில், நவம்பர் 4ஆம் தேதி, ரணில் அமெரிக்காவில் இருந்தபோது சந்திரிகா பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுகளைப் பறித்துக்கொண்டார். 2004 மார்ச்சில் கருணா பிரிந்தார். கிழக்குப் பிள்ளைகள் சாகிறார்கள், பதவி எல்லாம் வடக்குக்கு என்பது அவர் சொன்ன காரணம். அவர் பிறகு செய்ததெல்லாம் மன்னிக்க முடியாதது. ஆனால் அந்தக் குறை மட்டக்களப்பில் அவருக்கு முன்பே இருந்தது, அதைச் சொல்ல இயக்கத்துக்குள் ஒரு வாசல் இல்லை.

2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தல். புலிகளின் கட்டுப்பாட்டில் மக்கள் ஓட்டுப் போடவில்லை. யாழ் மாவட்டத்தில் வாக்குப்பதிவு ஒரு சதவீதத்தை ஒட்டி. மகிந்த ராஜபக்சே 1,80,000 சொச்சம் வாக்கில் ஜெயித்தார். ரணில் வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லை. வன்னி மக்களைக் கேட்டுத்தான் அந்தப் புறக்கணிப்பு முடிவானதா என்று மட்டும் கேட்கிறேன். 2009 மே மாதம் அந்த முடிவின் விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் சொன்னது. அரசு மருத்துவமனைகள் மீது குண்டு போட்டது. தப்பி வர முயன்ற மக்களைப் புலிகள் சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துப்போனார்கள். இரண்டையும் அதே அறிக்கை சொல்கிறது. முதல் பாதியை மட்டும் வாசிக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது.

தமிழ்நாட்டுத் தலைமை அப்போது என்ன செய்தது? 2009 ஜனவரி 29ஆம் தேதி சென்னையில் முத்துக்குமார் என்ற இளைஞர் தீக்குளித்தார். ஏப்ரல் 27ஆம் தேதி முதலமைச்சர் கருணாநிதி காலையில் உண்ணாவிரதம் தொடங்கி, போர் நின்றது என்று மதியத்துக்குள் முடித்துக்கொண்டார். போர் நிற்கவில்லை. அதுவரை புலிகளை எதிர்ப்பதையே அரசியலாக வைத்திருந்த ஜெயலலிதா தேர்தல் நெருங்கியதும் தனி ஈழம் அமைப்பேன் என்றார். தீக்குளித்த பிள்ளையின் வயது என்ன, மேடையில் இருந்தவர்களின் வயது என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

வேறு மாதிரி நடக்க வழியே இல்லையா என்று கேட்பீர்கள். வட அயர்லாந்தில் 1996இல் பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பத் தேர்தல் வைத்தார்கள். கத்தோலிக்கப் பெண்களும் புராட்டஸ்டண்ட் பெண்களும் சில வாரங்களில் சேர்ந்து ‘பெண்கள் கூட்டணி’ என்று ஒரு கட்சி தொடங்கி நின்றார்கள். ஒரு சதவீத வாக்கு. ஆனால் அந்தத் தேர்தல் முறை சின்னக் கட்சிகளுக்கும் இடம் கொடுத்தது, மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஆண்கள் அவர்களைக் கேலி செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம், கலப்புப் பள்ளிகள் போன்றவை 1998 ஏப்ரல் 10 ஒப்பந்தத்தில் வந்ததில் அவர்களுக்குப் பங்குண்டு. மே மாதம் மக்கள் வாக்கெடுப்பு, 71 சதவீதம் ஆதரவு. தலைவர்கள் தங்கள் தங்கள் ஆட்களிடம் போய் அந்த ‘ஆம்’ வாக்கைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கொலம்பியாவில் 2014இல் ஹவானாவுக்குப் பாதிக்கப்பட்டவர்களையே குழுக்குழுவாக, மொத்தம் 60 பேரை, அழைத்துப்போய் அரசு முன்பும் கெரில்லாக்கள் முன்பும் பேசவைத்தார்கள். அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2016 அக்டோபர் வாக்கெடுப்பில் ஒப்பந்தம் நூலிழையில் தோற்று, திருத்தித்தான் நிறைவேற்றினார்கள்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்தில் ஆந்திரம். 2004 அக்டோபரில் ஹைதராபாத்தில் மாநில அரசும் நக்சல்பாரித் தலைவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். அதற்காக 1997 முதல் இரு பக்கமும் நடந்து தேய்ந்தவர்கள் தஞ்சைக்காரரான எஸ்.ஆர். சங்கரன் உள்ளிட்டவர்கள். போலி என்கவுன்டரை எதிர்த்த கே. பாலகோபால், ஆதிவாசியைக் காட்டிக்கொடுத்தான் என்று கொல்லும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று இயக்கத்தையும் கேட்டார். இருபுறமும் திட்டு வாங்கினார். 2005 ஜனவரியில் அந்தப் பேச்சும் முறிந்தது. ஈழத்தில் இப்படிக் கேட்டவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர், மருத்துவக் கல்லூரி ஆசிரியர், இரண்டு பெண் குழந்தைகளின் தாய்.

போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் வலிகாமம் வடக்கில் ராணுவம் எடுத்த நிலத்தால் முகாமிலேயே வருடக்கணக்கில் கிடந்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் சொந்த நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலம் இருந்தவன் வேறு ஊரில் வாங்கினான், வெளிநாடு போனான். மாகாண சபைக்குப் பத்தாண்டுக்கு மேலாகத் தேர்தலே இல்லை. வடக்கில் கடைசியாக நடந்தது 2013 செப்டம்பரில். மலையக மக்கள் 2023இல் தாங்கள் வந்து 200 ஆண்டு ஆனதையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். இன்னும் லயத்துக்குப் பதில் வீடும் ஒரு துண்டு நிலமும் கேட்கிறார்கள்.

நம் பக்கம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள். இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்திலும் இருக்கின்றன. 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். அங்கே இருப்பவர்களில் ஒரு பகுதியினர் 1964 ஒப்பந்தத்தின் கீழ் எப்போதோ இந்தியக் குடிமக்களாகியிருக்க வேண்டிய மலையகத் தமிழர்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே பட்டம் படித்து, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாத உங்கள் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களைத் திருப்பி அனுப்புவதா, குடியுரிமை கொடுப்பதா என்று டெல்லியும் கொழும்பும் சென்னையும் அவ்வப்போது பேசுகின்றன. கீழே இறங்கினால் ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணம். அடுத்த கூட்டத்தை அந்த முகாம் இளைஞர்களோடு சேர்ந்து நடத்துங்கள், அவர்களை முதலில் பேசவிடுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.